பன்னிரண்டு படம், ஐந்து கோடிப் புள்ளி

கோடாக் நிறுவனம் 1901-ஆம் ஆண்டு ‘பிரௌனி’ வகைப் பெட்டிக் கேமரா ஒன்றுக்காக 120 என்று எண்ணிட்ட பிலிம் சுருளைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் அகலமான பிலிம். வெளிச்சம் படாமல் காக்க அதன் முதுகில் ஒரு தாள். நூற்றாண்டு கடந்தும் அந்தச் சுருள் அதே அளவில் கடைகளில் கிடைக்கிறது. சதுரமாக எடுத்தால் ஒரு சுருளுக்கு 12 படம். மலேசியாவின் கிள்ளானில், ஜாலான் தெங்கு கிளானாவில் என் பெரியப்பா வைத்திருந்த ஸ்டுடியோவில் 1980-களில் நான் தொழில் பழகியபோது, சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்களின் வாழ்க்கை இப்படிப் பன்னிரண்டு பன்னிரண்டாகத்தான் பதிவானது. கல்யாணம், பிள்ளைக்கு முதல் மொட்டை, தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்புக் குழுப் படம், தீபாவளிக்குப் புதுத்துணி உடுத்திய குடும்பப் படம்.

இன்று என் வேலை பிரிக்பீல்ட்ஸில். கையில் இருப்பது 120 பிலிமின் அந்தப் பெரிய பிரேம், அதாவது ‘மீடியம் பார்மேட்’, மரபில் வந்த டிஜிட்டல் கேமரா. ஒரு படத்துக்கு 5 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். பெரியப்பா ஒரு சுருளை மாற்றும் நேரத்தில் இந்தக் கேமராவால் ஒரு பழைய கல்யாணம் முழுவதற்கும் எடுத்த அளவு படங்களை எடுத்துவிட முடியும். ஆனாலும் இரண்டோடும் வாழ்ந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்: பெரிய பிரேம் படமெடுப்பவனிடம் கேட்கிற கவனம் துளியும் குறையவில்லை. அதைக் கேட்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

அன்றைக்கு ஏன் இந்தப் பெரிய பிலிம்? 35 மில்லிமீட்டர் கேமராவின் பிரேம் 36-க்கு 24 மில்லிமீட்டர். 120-ன் சதுரப் பிரேம் 56-க்கு 56. பரப்பில் மூன்றரை மடங்குக்கு மேல். நாற்பது பிள்ளைகளைப் பெஞ்சுகளில் அடுக்கி நிற்கவைத்து எடுத்தால் கடைசி வரிசைப் பிள்ளையின் கண்ணும் தெளிவாக வரும். இன்னொரு காரணம், நெகட்டிவில் கை வைத்து வேலை செய்ய இடம் இருந்தது. கூர்மையாகச் சீவிய பென்சிலால் நெகட்டிவின் மேலேயே முகத்துத் தழும்புகளை நிரவுவார் பெரியப்பா. சிறிய பிலிமில் அந்த வேலைக்கு இடமே கிடையாது.

தோட்டத்து வீடுகளில் நடுக்கூடத்துச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பப் படம் தொங்கும். பல வீடுகளில் அது ஒன்றுதான் இருக்கும். அதற்கும் முந்திய தலைமுறைக்குப் படம் என்பது இன்னும் கடுமையான தேவை. 1948-ல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமானது. ரப்பர்க் காட்டில் வேலை செய்த எத்தனையோ பேர் முதன்முதலாகக் கேமரா முன்னால் உட்கார்ந்தது அந்த அட்டைக்காகத்தான். பெரியப்பாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அந்தக் காலத்து மனிதர். படம் கெட்டுப்போனால் இன்னொரு நாள் வா என்று சொல்வது, ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலியைப் பறிப்பது என்று அவர் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார். எங்கள் ஸ்டுடியோவில் கோளாறு பார்க்கும் முறையெல்லாம் அந்த ஒரு எண்ணத்திலிருந்து பிறந்தவை.

எங்களிடம் இருந்தது மாமியா சி330. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படமெடுப்பதற்கு. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனக்கும். பேட்டரி என்ற ஒன்றே அதில் கிடையாது. அதனால் கோளாறு வந்தால் கண்ணாலும் காதாலும் கையாலும் கண்டுபிடிக்கலாம். கல்யாணத்துக்குக் கிளம்பும் முன் பெரியப்பா ஒரு வரிசையில் சோதிப்பார், அந்த வரிசை ஒருநாளும் மாறாது.

முதலில் பெல்லோஸ். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அந்த மடிப்புத் தோல் உள்ளுக்குள் இற்று, மடிப்பு முனைகளில் ஊசித்துளை விழும். விளக்கை அணைத்துவிட்டுக் கேமராவுக்குள் சிறிய டார்ச்சை வைத்து, பெல்லோஸை முழுக்க நீட்டிச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். வெளியே ஒரு நட்சத்திரம் தெரிந்தால் அங்கே கறுப்புப் பூச்சு. அடுத்து பிளாஷ். லென்ஸில் எக்ஸ், எம் என்று இரண்டு நிலை கொண்ட ஒரு சிறிய நெம்புகோல் இருக்கும். எம் என்பது பழைய பல்பு பிளாஷுக்கு; பல்பு எரிந்து உச்சத்துக்கு வர நேரம் பிடிக்கும் என்பதால் ஷட்டர் சற்றுத் தாமதித்துத் திறக்கும். மின்னணு பிளாஷை அந்த நிலையில் அடித்தால் வெளிச்சம் முந்திக்கொண்டு போய்விடும், பிலிமில் ஒன்றும் விழாது. இதற்குச் சோதனை எளிது. பிலிம் போடாமல் பின்கதவைத் திறந்து, வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கேமராவைப் பிடித்து, பின்னாலிருந்து லென்ஸ் வழியே பார்த்தபடி பிளாஷ் அடிக்க வேண்டும். முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் சரி.

“வட்டம் தெரிஞ்சுதா தம்பி?”

“தெரிஞ்சுது பெரியப்பா.”

“இன்னொரு வாட்டி பாரு. அங்க போயி இல்லேன்னு சொல்ல முடியாது.”

மூன்றாவது, இரண்டு லென்ஸ்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி. தூரத்தில் அது ஒரு பொருட்டில்லை. கிட்டே போனால் மேல் லென்ஸ் பார்ப்பது ஒன்று, கீழ் லென்ஸ் பிடிப்பது வேறு. மாமியாவில் கிட்டே கூர்மைப்படுத்தும்போது கண்ணாடித் திரையில் ஒரு கோடு கீழே இறங்கி, படத்தின் மேல் விளிம்பு எங்கே விழும் என்று காட்டும். மணப்பெண் தலையில் வைத்த பூச்சரம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பொத்தானை அமுக்குவார்.

டார்க்ரூமில் வேறொரு போராட்டம். கறுப்பு வெள்ளை பிலிமைக் கழுவும் குறிப்புகளெல்லாம் 20 டிகிரி செல்சியஸில் எழுதப்பட்டவை. கிள்ளான் குழாய்த் தண்ணீர் எந்தக் காலத்தில் 20 டிகிரிக்கு வந்தது? மார்க்கெட்டில் மீன் கடைக்குப் போகும் ஐஸில் ஒரு கட்டி எங்களுக்கும் வரும். பெரிய பேசினில் ஐஸ், அதற்குள் டெவலப்பர் பாத்திரம், கையில் தெர்மாமீட்டர். லென்ஸ்களை வைத்த மர அலமாரிக்குள் ஒரு சிறிய பல்பு இரவும் பகலும் எரியும். அந்தச் சூடு இல்லாவிட்டால் லென்ஸுக்குள் பூசணம் பிடித்து வெள்ளை நூலாகப் படரும்.

பிறகு காலம் வேகமாக ஓடியது. 35 மில்லிமீட்டர் கலர் பிலிமை ஒரு மணி நேரத்தில் கழுவிக் கொடுக்கும் கடைகள் வந்தன. வீட்டுக்கு வீடு தானியங்கிக் கேமரா. தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. புக்கிட் ராஜா தோட்டம் இருந்த மண்ணில் இன்று பண்டார் புக்கிட் ராஜா என்ற வீடமைப்பு நகரம் நிற்கிறது. படம் எடுத்துக்கொள்ள வந்த மக்களே இடம் மாறியபோது ஸ்டுடியோ மட்டும் எப்படி நிலைக்கும்? 2000-களில் டிஜிட்டல் கேமராக்கள் கல்யாண மண்டபங்களைப் பிடித்துக்கொண்டன. கோடாக் நிறுவனமே 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது.

இந்தக் காலத்தில் மீடியம் பார்மேட் சாகவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. 1990-களின் தொடக்கத்திலேயே லீஃப் நிறுவனம் மீடியம் பார்மேட் கேமராவின் பின்னால் மாட்டும் 40 லட்சம் புள்ளி டிஜிட்டல் பாகத்தை விற்றது. ஆனால் அந்த வகைப் பாகங்களின் விலைக்குக் கிள்ளானில் அப்போது ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம். விளம்பரப் படம் எடுக்கும் பெரிய ஸ்டுடியோக்களுக்குத்தான் அவை. 2010-ல் பென்டாக்ஸ் 645டி 4 கோடிப் புள்ளிகளோடு வந்தபோது விலை இறங்கியது. 2016-ல் ஹாசல்பிளாட் எக்ஸ்1டி, 2017-ல் ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 50எஸ், இரண்டும் உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) இலகுவான உடலில் 5 கோடிப் புள்ளி சென்சாரைக் கொண்டுவந்தன. 2019-ல் அது 10 கோடியானது. பழையதாகக் கைமாறும் கேமராக்களும் சந்தைக்கு வந்த பிறகு, என்னைப் போன்ற ஒரு தனி ஆள் கடன் வாங்கியாவது இதைத் தொட முடிந்தது.

இந்தச் சென்சாரின் அளவு 43.8-க்கு 32.9 மில்லிமீட்டர். பரப்பில், 35 மில்லிமீட்டர் பிரேம் அளவே உள்ள வழக்கமான ‘ஃபுல் பிரேம்’ சென்சாரைப்போல 1.67 மடங்கு. பெரியப்பாவின் சதுர நெகட்டிவில் பாதிகூட இல்லை. 120 பிலிமில் எடுக்கிற ஆகச் சிறிய பிரேமைக் காட்டிலும் சிறியது. இருந்தும் அது பிடிக்கும் நுணுக்கம் அந்த நெகட்டிவுக்குச் சளைத்ததல்ல. அளவில் சுருங்கி நுணுக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் இந்தக் கருவி, பழைய கேமராவிடம் தோற்கும் இடங்களும் உண்டு. அதை முதலில் காட்டியது நண்பகல் வெயில்.

கிள்ளானில் பெருமாள் கோயில் வாசலில் கல்யாண ஜோடியை நிறுத்தினால், உச்சி வெயில் கண்குழியில் நிழலைக் கொட்டும். அந்த நிழலை நீக்கப் பிளாஷ் வேண்டும். மாமியாவின் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ் இதழாகத் திறந்து மூடுவது. நொடியில் 500-ல் ஒரு பங்கு வேகம் வரை எந்த வேகத்திலும் பிளாஷ் முழுதாகச் சேரும். கண்ணாடி இல்லாத புதிய மீடியம் பார்மேட் கேமராக்களில் பலவற்றின் ஷட்டர் சென்சாருக்கு முன்னால் திரைபோல ஓடுகிறது. 125-ல் ஒரு பங்குக்கு மேல் போனால் திரை பாதி மூடியிருக்கும்போதே பிளாஷ் அடிக்கும். படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். வேகத்தைக் குறைத்தாலோ வெளிச்சம் அளவுக்கு மீறும், லென்ஸ் துளையைச் சுருக்க வேண்டிவரும், பின்னால் நிற்கும் கூட்டமெல்லாம் மணமக்களுக்கு இணையாகக் கூர்மையாகிவிடும். தீர்வு, வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் சாம்பல் கண்ணாடியை லென்ஸுக்கு முன் மாட்டுவது. இல்லையென்றால் திரை ஓடும் நேரம் முழுவதும் துடித்துத் துடித்து எரியும் அதிவேகப் பிளாஷ். ஹாசல்பிளாட் போல லென்ஸுக்குள் ஷட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கருவி வாங்க வரும் தம்பி தங்கைகளிடம் புள்ளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் இதைத்தான் கேட்கச் சொல்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருப்பதால் நடனம் படிக்கும் பிள்ளைகள் அதிகம். அரங்கேற்றப் படங்களுக்கு அழைப்பு வரும். மேடையில் ஷட்டர் சத்தம் கேட்கக்கூடாது. அதற்காகவே சத்தமே இல்லாத மின்னணு ஷட்டர் கேமராவுக்குள் இருக்கிறது. ஓர் ஒத்திகையில் அதைப் போட்டுச் சோதித்தபோது இரண்டு தவறுகள் ஒரே படத்தில் தெரிந்தன. வேகமாக வீசிய கை முழங்கைக்குக் கீழே வளைந்திருந்தது. படம் முழுக்க இருண்டும் வெளுத்துமாகக் கிடைக்கோடுகள்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. 5 கோடிப் புள்ளிகளை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படித்து முடிக்க இந்த வகைச் சென்சாருக்குக் கால் நொடிக்கு நெருக்கமாக ஆகிறது. முதல் வரி படிக்கப்பட்டபோது இருந்த இடத்தில் கடைசி வரி படிக்கப்படும்போது கை இல்லை. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கால் நொடியில் அது 25 முறை. ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் ஒரு கோடாகப் பதிந்துவிட்டது. கண்ணுக்கு அந்த மேடை வெளிச்சம் நிலையாகத்தான் தெரிந்தது. இயந்திர ஷட்டருக்கு மாறி, வேகத்தை 100-ல் ஒரு பங்கில் நிறுத்தியதும் கோடுகள் போயின, கையும் நேரானது. சத்தம் இருக்கிறதே? அதற்கு மிருதங்கம் ஓங்கும் இடங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஜதி தெரிந்தவனுக்கு அந்த இடங்கள் முன்கூட்டியே தெரியும். அடவு முடிந்து உடல் ஒரு கணம் நிலைக்கும் நேரமும் அதுதான். பரதத்தின் அழகான படங்கள் அந்தக் கணத்தில்தான் இருக்கின்றன.

அடுத்தது பட்டு. பிலிமின் மணிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடப்பவை. சென்சாரின் புள்ளிகளோ கட்டம் கட்டமாக நிற்பவை. நுண்ணிய நெசவின் ஒழுங்கும் புள்ளிகளின் ஒழுங்கும் ஏறக்குறைய ஒன்றாகும் தூரத்தில், புடவையில் இல்லாத வானவில் பட்டைகள் படத்தில் நெளியும். மற்றக் கேமராக்கள் பலவற்றில் இதைத் தடுக்கச் சென்சாருக்கு முன்னால் படத்தைச் சற்று மெத்தென்றாக்கும் தகடு உண்டு. கூர்மை கெடக்கூடாது என்று மீடியம் பார்மேட்டில் அந்தத் தகட்டை வைப்பதில்லை. காஞ்சிபுரம் பட்டுக்கும் கோட்டுத் துணிக்கும் இந்தத் தொல்லை வரும். கேமராவின் சிறிய திரையில் முழுப் படத்தைப் பார்த்து முடிவு கட்டக்கூடாது. பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். பட்டை தெரிந்தால் ஓர் அடி முன்னே போகலாம், இல்லை பின்னே வரலாம், மணப்பெண்ணைச் சற்றுத் திருப்பி நிற்கச் சொல்லலாம். அரை நிமிட வேலை. அதை அங்கேயே செய்யாவிட்டால் வீட்டில் கணினி முன் பல மணி நேரம்.

புழுக்கம் மட்டும் அன்றும் இன்றும் ஒரே எதிரி. மர அலமாரியின் பல்பு போய், ஈரப்பதத்தை 40-லிருந்து 50 விழுக்காட்டுக்குள் நிறுத்தும் மின் பெட்டி வந்திருக்கிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு விடியுமுன் போகிறவர்கள் குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்கிறார்கள். குளிர்ந்த கண்ணாடியில் சூடான ஈரக்காற்று பட்டதும் லென்ஸ் முழுக்க நீர் கோர்த்துக்கொள்ளும். துடைத்தால் மறுபடி கோர்க்கும். பையை மூடியபடியே வெளிக்காற்றில் வைத்திருந்து, உள்ளே இருப்பது மெதுவாகச் சூடேறிய பிறகு திறப்பதே வழி. வரும் வழியிலேயே காரின் குளிரூட்டியை அணைத்துவிடுவது இன்னும் நல்லது. லென்ஸைக் கழற்றி மாற்றுவதைக் காவடிக் கூட்டத்துக்குள் செய்யவே கூடாது. விபூதியும் சாம்பிராணியும் பறக்கும் காற்றில் சென்சார் ஒரு நொடி திறந்தால் போதும். லென்ஸ் துளையைச் சுருக்கி எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் வானத்தில் கரும்புள்ளிகள் மிதக்கும்.

கோளாறுகள் இத்தனை இருந்தும் இந்தக் கேமராவை ஏன் சுமக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் பதில் முகங்கள். நம் கல்யாணத்தில் ஒளிக்கு இரண்டு எல்லைகளும் ஒரே பிரேமுக்குள் நிற்கும். வெள்ளை வேட்டி, மல்லிகை, மின்னும் தங்கம் ஒரு பக்கம். கறுத்த தோல், கறுத்த கூந்தல், மண்டபத்தின் நிழல் மறு பக்கம். கலர் பிலிம் காலத்தில் படம் கழுவும் லேப்களின் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய மாதிரிப் படங்களில் பல்லாண்டுகளாக வெள்ளைக்காரப் பெண்களே இருந்தார்கள்; அந்த முகங்கள் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று பொருள். அந்த அளவுகோலில் எங்கள் மக்களின் தோல் சாம்பல் பூத்தோ செம்மண் ஏறியோ வந்தது. முகம் தெரிய வேண்டுமே என்று பிரதியில் வெளுக்க வைப்பது வழக்கமாகி, வெளுத்தால்தான் அழகு என்ற நினைப்பும் அதோடு சேர்ந்து வேர்விட்டது.

பெரிய சென்சாரின் உண்மையான வரம் இங்கேதான். மல்லிகை வெளுத்து அழியாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து எடுத்துவிட்டு, மூலக் கோப்பில் நிழல்களைப் பிறகு மெல்ல உயர்த்தினால், கறுத்த முகத்தின் செம்மையும் பழுப்பும் மாநிறத்தின் மஞ்சளும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. மணப்பெண்ணின் அம்மா ஒருவர் கேட்டார், “அண்ணே, பிள்ளைய கொஞ்சம் வெள்ளையாக்கிக் குடுங்க.” நான் ஒன்றும் சொல்லாமல் பெரிய பிரதி ஒன்றைப் போட்டு அவர் முன்னால் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். “இப்படியே இருக்கட்டும்” என்றார். இத்தனை புள்ளிகளும் எனக்கு வேண்டியிருப்பது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

சில ஆண்டுகளாக இந்தக் கேமராவுக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறேன். பெரியப்பாவின் ஸ்டுடியோ மூடியபோது நெகட்டிவ்கள் தகரப் பெட்டிகளில் வீட்டுக்கு வந்தன. பிலிமுக்கு முடிவு கட்ட வந்த டிஜிட்டல் கேமரா இன்று அந்த நெகட்டிவ்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்துக்கொண்டிருக்கிறது. இந்த வேலை அவசரமானது. பிலிமின் அடிப்பொருளான அசிட்டேட், சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து காடி நாற்றம் வீசத் தொடங்கும், பிறகு சுருங்கி நெளியும், மேல்பூச்சு உரிந்துபோகும். ஒரு பெட்டியில் தொடங்கினால் பக்கத்துப் பெட்டிக்கும் பரவும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப் போய் அவற்றின் படங்களை டிஜிட்டலாக்கியிருக்கிறது. மலேசியத் தமிழரின் ஸ்டுடியோப் படங்களுக்கும் அப்படி ஒரு முயற்சி வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை என் மேசைமேல் நடப்பது நடக்கட்டும்.

செய்முறையை விரும்புபவர்களுக்குச் சொல்கிறேன். நிறம் சிதைக்காத வெளிச்சப் பலகை, உறுதியான கேமராத் தாங்கி, பொருளைச் சென்சாரில் பாதி அளவில் விழச்செய்யும் மேக்ரோ லென்ஸ். 56 மில்லிமீட்டர் நெகட்டிவ் பாதி அளவில் 28 மில்லிமீட்டராகிறது. 33 மில்லிமீட்டர் உயரச் சென்சாருக்குள் விளிம்போடு அடங்கிவிடும். விளிம்பை வெட்டக்கூடாது, எண் எழுதியிருப்பது அங்கேதான். கேமராவும் நெகட்டிவும் இம்மி பிசகாமல் இணையாக இருக்க, நெகட்டிவ் வைக்கும் இடத்தில் ஒரு சிறிய கண்ணாடியை வைத்து, அதில் லென்ஸின் பிம்பம் பிரேமின் நடுவில் வரும்வரை கேமராவைத் திருத்த வேண்டும். லென்ஸ் துளை எஃப்8 அளவில். நெகட்டிவைச் சுற்றித் தெரியும் வெளிச்சத்தைக் கறுப்புத் தாளால் மறைக்க வேண்டும். ஷட்டர்? நடனத்தில் கையை வளைத்த அதே மின்னணு ஷட்டர்தான் இங்கே சரியான கருவி. நெகட்டிவ் அசைவதில்லை; இயந்திர ஷட்டரின் அதிர்வும் இல்லை. ஒரு நொடி நேரம் திறந்துவைத்தால் விளக்கின் ஏற்ற இறக்கமும் சமமாகிவிடும். ஓரிடத்தில் கோளாறு என்று ஒதுக்கியது இன்னோரிடத்தில் வேலையை முடித்துக்கொடுக்கிறது. எந்த அமைப்பையும் நல்லது கெட்டது என்று மனப்பாடம் செய்யாமல், அது ஏன் அப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளச் சொல்வது இதனால்தான்.

திரையில் அந்தப் படங்கள் விரியும்போது பெரியப்பாவின் கவனம் எவ்வளவு பெரியது என்று புரிகிறது. வகுப்புப் படத்தின் கடைசி வரிசையில் நிற்கும் பையனின் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறத்தில் இருப்பதைப் பார்க்கலாம். தீபாவளிப் படத்தில் ஒரு பாட்டியின் காதில் தொங்கும் தண்டட்டியின் வேலைப்பாட்டை எண்ணலாம். அதே வேளையில் 2000-களில் நடந்த கல்யாணங்களின் சிடிக்களைச் சிலர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஈரத்தில் பூச்சு கெட்டு, பாதி சிடிக்களைக் கணினி படிக்க மறுக்கிறது. பிரதி போடப்படாத கல்யாணங்கள் அவை. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய அப்பாவின் கல்யாணம் தெளிவாக இருக்க, இருபது ஆண்டுக்கு முந்தைய மகனின் கல்யாணம் தொலைந்துபோயிருக்கிறது. ஆகவே இன்று எடுப்பவை மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும்: இரண்டு வெவ்வேறு வட்டுகளில், ஒன்று வேறொரு வீட்டில். அதோடு முக்கியமான சிலவற்றைத் தாளில் அச்சிட வேண்டும். இதை வாடிக்கையாளரிடம் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவுக்கும் மேலாக ஒரு கோளாறு இருக்கிறது. அதற்கு எந்தக் கேமராவிலும் மருந்து இல்லை. பெரியப்பா ஒவ்வொரு நெகட்டிவின் ஓரத்திலும் மையால் ஓர் எண் எழுதி, அதே எண்ணுக்கு எதிரே பேரேட்டில் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி எழுதிவைத்தார். பேரேடுகளில் சில நீரில் நனைந்து அழிந்துவிட்டன. பேரேடு உள்ள படங்களைத் தோட்டத்தின் பெயரைச் சொல்லித் தேடினால், இன்று வீடமைப்புப் பகுதிகளில் சிதறியிருக்கும் பிள்ளைகள் யாராவது கிடைக்கிறார்கள். “இது எங்க ஆயா” என்று ஒருவர் சொல்லும்போது அந்த நெகட்டிவின் வேலை முடிகிறது. பேரேடு போன படங்களில் ஒவ்வொரு கண் இமையும் தெரிகிறது, ஆள் யாரென்று தெரியவில்லை. அடையாள அட்டைக்காகக் கேமரா முன் உட்காரவைக்கப்பட்ட ஒரு சமூகத்தின் படங்கள் அடையாளமில்லாமல் கிடப்பதைப் பார்க்க என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்போது என்னிடம் தொழில் பழகும் பிள்ளைகளுக்குப் பெரியப்பாவின் சோதனை வரிசையைச் சற்று மாற்றிச் சொல்லிக்கொடுக்கிறேன். பிளாஷ் சேர்கிறதா, விளக்கு துடிக்கிறதா, பட்டு நெளிகிறதா, கண்ணாடியில் ஈரம் கோர்த்ததா. பிறகு, கேமராவை மூடும் முன், பிரேமில் நின்றவர்கள் யார் யார் என்று குடும்பத்தில் மூத்தவர் ஒருவரைக் கேட்டு, இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கோப்பிலும் தாளிலும் எழுதுவது. கல்யாண வீட்டில் அதற்குப் பத்து நிமிடம் போதும், கேட்டால் எல்லாரும் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். உங்கள் வீட்டுச் சுவரிலோ பெட்டியிலோ பழைய படம் இருந்தால் நீங்களும் இந்த வாரமே அதைச் செய்யுங்கள். பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். மையால் எழுதினால் அது ஊறி முன்பக்கம் வந்துவிடும். பெயர், ஊர் அல்லது தோட்டம், தெரிந்தால் ஆண்டு. சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.